மாப்பிள்ளையின் மீன்களைச் சைவமாக்கிய விவரம்

இலஞ்சி
10-7-1964

மேட்டூரில் மீன் இலாகாவில் உத்தியோகம் பார்க்கும் மகாராஜராஜஸ்ரீ மாப்பிள்ளை வல்லிநாயகத்துக்கு, இலஞ்சியிலிருந்து உன் அத்தான் தாணுமாலயன் வாயால் சொல்ல, உன் அக்காள் சொக்கம்மாள் கையால் எழுதுகிற கடிதம்.

மாப்பிள்ளே, எப்படி இருக்கே? மேட்டூர் வெயில் தாங்குகிறதா? ஓட்டல் சாப்பாடு வயிற்றுக்குச் சேருகிறதா? இங்கே சாரல் நன்றாக விழுகிறது. நானும் உன் அக்காளும் சுகம். நீ விட்டுவிட்டுப் போன கண்ணாடித் தொட்டியில் இருக்கிற பத்துப் பேரும் சுகம். நீ முதலில் அவர்களைத்தான் விசாரிப்பாய் என்று தெரியும். இருந்தாலும் வயதில் மூத்தவன் என்கிற முறைக்கு என்னை முன்னால் சொன்னேன்.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் கல்யாணம் முடிந்த மாதிரிதான். தை மாதத்துக்கு இப்போதே லீவு எழுதிக் கொடு. மேலகரத்துப் பால்வண்ணநாதன் அண்ணாச்சி தன் மகள் நாச்சியாரை உனக்குத் தருவதாக இருந்ததும், பையனுக்கு மீன் இலாகாவில் வேலை என்று தெரிந்ததும் ஜாதகத்தைத் திருப்பிக் கேட்டதும் உனக்குத் தெரிந்த கதை. அவரைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் வீட்டில் கோழி என்கிற வார்த்தையே கிடையாது, ‘விடியக்காலம் கூவுறது’ என்றுதான் சொல்வார்கள். அப்படிப்பட்ட வீட்டில் போய் மீன் ஆபீஸ் என்றால்? அதோடு நீ பட்டணத்திலிருந்து மீனையே தொட்டியோடு கொண்டுவந்து நம்ம தெருவில் இறக்கிவிட்டாய். அடுத்த வீட்டுப் பேராச்சி அன்றைக்கே வந்துவிட்டாள். “ஏ சொக்கம்மா, ஒங்க வீட்ல மீன் ஏறிட்டாமே? இனி ஒறமோருக்கு நான் ஒங்கிட்ட வரமாட்டேன் ஆத்தா” என்று சொல்லிவிட்டு, அதற்கு முந்தின வாரம் வாங்கிய உறைமோர்க் கிண்ணத்தையும் திருப்பித் தராமலே போனாள். பேராச்சி வாய்க்கு வந்தது மேலகரம் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? பஸ்ஸுக்கு முந்திப் போய்விட்டது.

அப்போதுதான் நான் ஒரு தீர்மானம் பண்ணினேன். மீனாலே கெட்ட சம்பந்தத்தை மீனாலேயே சரி பண்ணுவது. மீன் என்றால்தானே அண்ணாச்சிக்கு ஆகாது? மீன் சைவமாகிவிட்டால்? நீ கொசுப்புழு போடச் சொல்லிவிட்டுப் போனாய். நம்ம வீட்டுக்குள்ளே புழுவா! கோயில் தெப்பக்குளத்து மீனெல்லாம் பொரியைத் தின்றுதானே உன் தொடை கனத்துக்கு இருக்கிறது? ஆகவே பொரி போட்டேன். பொரி ஊறித் தண்ணீர் கஞ்சியாகி, மீன் இருக்கிறதா இல்லையா என்றே மூன்று நாள் தெரியவில்லை. சரி, பொரி கனம் போலிருக்கிறது என்று, சொதிக்கு வேகவைத்த பாசிப்பருப்பில் ஒரு கரண்டி எடுத்துப் போட்டேன். சொதி என்றதும் ஞாபகம் வருகிறது, உன் அக்காளைக் கட்டின மறுநாள் உங்கள் வீட்டில் வைத்தார்களே ஒரு சொதி, அதில் தேங்காய்ப்பால் மூன்றாம் பால்தான் இருந்தது, முதல் பாலை உன் சித்தப்பா தனியாகக் குடித்துவிட்டார் என்று பந்தியிலேயே பேச்சு, நான் புது மாப்பிள்ளை என்று வாயைத் திறக்கவில்லை. உன் அக்காள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை முறைக்கிறாள். அது கிடக்கட்டும்.

பருப்பும் போட்டபிறகு தண்ணீரை மாற்றத்தானே வேண்டும்? கிணற்றுத் தண்ணீர் இருக்கிறது. ஆனால் எந்தெந்த ஊர்க்காரனோ ரயிலேறி வந்து தலையைக் கொடுத்து நிற்கிற மூலிகைத் தண்ணீர் இரண்டு மைலில் விழும்போது, உன் மீனுக்குப் போய்க் கிணற்றுத் தண்ணீரா விடுவேன்? நாலு குடத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு குற்றாலம் போனேன். மெயின் அருவியில் கிட்டே நெருங்க முடியாத கூட்டம். அத்தனை பேரும் தலை முதல் கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு வழுக்குகிறான். ஆகவே குளித்த தண்ணீர் ஓடிவருகிற இடத்தில் கீழே நின்று மொண்டேன். வண்டிக்காரன் குடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, தண்ணில எண்ணெ மினுங்குதே” என்றான். “நல்லெண்ணெதாம்லே, ஒடம்புக்குக் குளுமை” என்றேன். ஒன்றும் தெரியாத ஆள்.

அந்தத் தண்ணீரை விட்டு அரை மணி ஆகவில்லை மாப்பிள்ளே, உன் மீன் பத்தும் மேலே வந்து வரிசையாக நின்று வாயைத் திறந்து மூடுகிறது. நான் காதைக் கொடுத்துக் கேட்டேன். சத்தம் வரவில்லை. வாயசைப்பைப் பார்த்தால் சந்தேகமே இல்லை: சிவ சிவா, சிவ சிவா.

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நேரே மேலகரம் போனேன். “அண்ணாச்சி, ஒங்களுக்கு மீன்தானே ஆகாது? எங்க வீட்டு மீன் சைவமாயிட்டு” என்றேன்.

“பிள்ளைவாள், வெயில்ல எங்கயும் ரொம்ப நேரம் நின்னீயளா?”

“சாரல்ல ஏது வெயிலு? வந்து பாத்துட்டுச் சொல்லுங்க.”

என்னைப் பொய்யன் ஆக்கவே கிளம்பி வந்தார். நடையில் ஏறும்போதே நாற்றம் வரும் என்று துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். தொட்டிக்கு எட்ட நின்றார். பிறகு ஒரு அடி கிட்டே வந்தார். துண்டு மூக்கிலிருந்து மோவாய்க்கு இறங்கியது.

“வாயப் பாருங்க அண்ணாச்சி. சிவ சிவா, சிவ சிவா.”

“அதுக்கு மூச்சு முட்டுதுவே!”

“பக்தி முத்தினா அப்படித்தான் இருக்கும்.”

அந்த நேரம் பார்த்து, கறுப்பு மோலி என்று நீ சொல்லுவாயே, அந்த மீனில் வயிறு பெருத்த ஒன்று, பின்பக்கமிருந்து எள்ளு மாதிரி ஒன்றை விட்டது. எள்ளுக்கு வால் முளைத்து நீந்திக்கொண்டு போனது. இன்னொரு எள். அண்ணாச்சி இரண்டு முழங்கையையும் மேஜையில் ஊன்றிவிட்டார், கண்ணாடியில் மூக்கு ஒட்டிவிட்டது. பெற்றவள் சாவகாசமாகத் திரும்பினாள். வாயைத் திறந்தாள். ஒரு எள் இல்லை.

“பிள்ளைவாள்! பெத்த புள்ளையத் தின்னுட்டுவே!”

நான் அசருவேனா? “தின்னல அண்ணாச்சி. சாரலுக்கு அடக்கமா வாயில வச்சிருக்கு. பெறவு விடும்.”

“எப்ப விடும்?”

“அது அதோட சவுரியம்.”

ஒரு மணி நேரம் பார்த்தார். உன் அக்காள் வைத்த காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது. போகும்போது, “விட்டுட்டா இல்லையான்னு நாளைக்கு வந்து பாக்கேன்” என்றார். மறுநாள் வந்தார். அதற்கு மறுநாள் குடையோடு வந்தார். இன்றைக்கு நாலு நாளாயிற்று. மீனும் இப்போது வாயைத் திறப்பதில்லை, மனசுக்குள்ளேயே சொல்லிக்கொள்கிற பக்குவம் வந்துவிட்டது. அண்ணாச்சி மீனைத் தவிர வேறே பேச்சுப் பேசுவதில்லை. பெண்ணைப் பெற்றவர், கல்யாணப் பேச்சை நேரே எடுக்கக் கூச்சமாக இருக்கும். எனக்குத் தெரியாதா மனுஷன் குணம்? ஆகையால் நீ ஒன்றுக்கும் கவலைப்படாமல் முகூர்த்தப் பட்டு மட்டும் அங்கே சேலத்துப் பக்கம் நல்ல சரக்காக, கரை அகலமாக, மாம்பழக் கலரும் இல்லாமல் அரக்கும் இல்லாமல் ஒரு... அந்தா, வாசல்ல அண்ணாச்சி சத்தம். “பிள்ளைவாள்! ஏ பிள்ளைவாள்!” ஏட்டி, எழுது எழுது, கையில பித்தளைப் போணி வச்சிருக்காரு, வாழையிலையால வாய் கட்டியிருக்கு, பாயசம்தான், சம்மதம் சொல்லத்தான் வந்திருக்கா

பின்குறிப்பு:

தம்பி, இனி அக்கா தானாக எழுதுவது. போணியைப் பார்த்ததும் அத்தான் எழுந்து ஓடிவிட்டார்கள். மேலே எழுதியதில் ஊரும் தேதியும் சரி. மற்றதை அப்படியே விட்டுவிடு.

உன் மீன் ஒரு நாளும் சைவமாக இருந்ததில்லை. அத்தான் மத்தியானம் கண் அசந்ததும், துணி துவைக்கிற தொட்டியிலிருந்து காப்பி வடிகட்டியால் கொசுப்புழு அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது நான்தான். (காப்பிக்கு வேறே வடிகட்டி வாங்கிவிட்டேன், நீ வந்தால் பயப்படாமல் குடிக்கலாம்.) எண்ணெய்த் தண்ணீரால் மூச்சு முட்டியபோது பழைய பேப்பரைத் தண்ணீர்மேல் விரித்து விரித்து எண்ணெயை எடுத்தேன், பிழைத்துக்கொண்டது. மூன்று குஞ்சைத் தனியாக ஊறுகாய் பாட்டிலில் வைத்திருக்கிறேன்.

போணியில் பாயசம் இல்லை. அண்ணாச்சி தன் வீட்டு மாட்டுத்தொட்டியில் தானே குனிந்து அள்ளிய புழு. அடுக்களைப் பக்கம் வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “பொரியும் பருப்புமாப் போட்டு வதைக்காரு தாயி. எனக்கு ரெண்டு நாளாச் சோறு எறங்கல. ஒருத்தருக்கும் தெரியாமக் கொண்டாந்தேன்.” நான் போடுகிற விஷயத்தைச் சொன்னேன். “நீயுமா தாயி!” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு நீ எழுதி வைத்துவிட்டுப் போன மூன்று தாளையும் வாங்கி வாசித்தார், எது பயந்த மீன், அதற்கு எந்த மூலையில் கல் அடுக்க வேண்டும், சாரல் நாளில் பல்பு எத்தனை மணி எரிய வேண்டும் என்று எல்லாவற்றையும். மடித்துக் கொடுத்துவிட்டு, “வாயில்லாத சீவனுக்கு இம்புட்டு எழுதி வச்சிட்டுப் போன பையன் ஆபீஸ்ல மீனப் பாத்தா என்ன, யானையப் பாத்தா என்ன? எம் மகள நல்லா வச்சிக்கிடுவான். ஆனா ஒண்ணு, தாலி கட்டுக்கு முந்தி எங்க வீட்டுக்கு ஒரு தொட்டி வந்துரணும்” என்றார்.

போணியில் இருப்பது மீனுக்காகச் சங்கரன்கோயிலிலிருந்து வந்த தீர்த்தம் என்று அத்தானிடம் சொல்லியிருக்கிறேன். உள்ளங்கையை நீட்டிவிட்டார்கள். தடுக்கிறதுக்குள் எனக்கு உயிர் போய்விட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள். இலஞ்சிக் குமாரர் உன்னை நல்லா வைப்பார். நாச்சியாரைக் கட்ட உனக்குச் சம்மதமா என்று ஒரு கார்டு போடு. அத்தான் பெயருக்கே போடு, அதுதான் மரியாதை. நீ மனசில் உள்ளதைத் தாராளமாக எழுது. வாசித்துச் சொல்லப்போவது நான்தானே.