அபாயம் அண்ணனின் கட்டைவிரல்

ஸ்ரீரங்கத்தில் பெருமாளுக்கு அடுத்தபடியாக உலகத்தைப் பற்றி அதிகம் யோசித்தவர் எங்கள் மாடிவீட்டு அபாயம் அண்ணன்தான். சில நாள் பெருமாளையே முந்திவிடுவார். மின்சார ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டிரான்ஸ்ஃபார்மர்களில் மண்டையோடு போட்ட 'அபாயம்' போர்டை மாட்டி மாட்டி, அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் வீதியில் ஒருவருக்கும் தெரியாது.

கோயில் யானை கரும்பு தின்றால் நாமெல்லாம் கும்பிடுவோம். அவர் பாகனிடம் போய், "இதுக்கு சுகர் பாத்தீங்களா?" என்பார்.

"ஊசி குத்த நீங்க வரீங்களா சார்?" என்பார் பாகன்.

கொள்ளிடத்தில் தண்ணீர் வருகிறது என்று டிவியில் சொல்லிவிட்டால் போதும். மறுநாள் காலை, வாசலில் கோலம் போடும் என்னிடம் வந்து கனவு சொல்வார். "ஆறு நம்ம மாடிப்படி ஏறி வந்துச்சும்மா. அவசரமே இல்ல. ஒவ்வொரு படியா நின்னு நின்னு வந்துச்சு. கதவுக்கிட்ட வந்து, உள்ள வரலாமான்னு கேக்குற மாதிரி நின்னுச்சு. ஒரு மீன் மட்டும் காலிங் பெல்லையே பாத்துக்கிட்டு இருந்துச்சு." கேட்டு முடிப்பதற்குள் என் கோலத்துப் புள்ளியெல்லாம் மீன் கண்ணாகத் தெரியும்.

அவருக்குச் சர்க்கரை வியாதி. காலில் உணர்ச்சி குறைந்துபோய், வெயிலில் பிரகாரத்துக் கல் சுட்டது தெரியாமலே நடந்திருக்கிறார். கட்டைவிரலுக்கு அடியில் புண். மாதக்கணக்காக ஆறவில்லை. இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

கீரையும் கேழ்வரகுமாகச் சாப்பிட்டும் சர்க்கரை இறங்கவில்லை. அவர் மனைவி ரெங்கநாயகி அக்கா சட்டைப் பையெல்லாம் துழாவினார். "கோயில்ல அக்காரவடிசல் வாங்கி ஒளிச்சு வச்சு சாப்பிடுறீங்களா?"

"சத்தியமா இல்லடி. நெய் கெட்டுப்போயிருக்குமோன்னு கவலைப்பட்டதோட சரி."

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது நானும் துணைக்குப் போனேன்.

"நல்லா தூங்குறீங்களா சார்?" என்றார் டாக்டரம்மா.

"எப்படிங்க தூங்குறது? நான் தூங்கினா யாரு பாத்துக்குறது?"

"எதை?"

"எல்லாத்தையும்தான்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "மனசு பதறிக்கிட்டே இருந்தா, உடம்பு தானா சர்க்கரையை ரத்தத்துல ஏத்தி விடும் சார். தூக்கம் கெடும், மாத்திரை மறந்துபோகும். புண் ஆறாததுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். மருந்தை நான் பாத்துக்குறேன். கவலையை நீங்க குறைங்க."

ஆட்டோ காவிரிப் பாலத்தில் வரும்போது, "பாரத்தைப் பெருமாள் மேல போட்டுட்டு நிம்மதியா இருங்கண்ணே" என்றேன்.

"அவரே அசதியா படுத்திருக்காரு. படுத்திருக்கிறவர் மேல பாரத்தைப் போடச் சொல்றியே, நியாயமா?"



அண்ணனிடம் யாரும் எந்தக் கஷ்டத்தையும் சொல்லக்கூடாது என்று எங்கள் குடியிருப்பில் எல்லோருமாகப் பேசிக்கொண்டோம். பார்க்கிறவர்களெல்லாம் அவரிடம், "நல்லா இருக்கேன் சார்" என்று சிரித்தார்கள். நான்காம் நாள் அவர் என் வாசலில் வந்து நின்றார், முகம் வெளுத்து.

"முட்டிவலிக்காரரு சிரிச்சுக்கிட்டே மாடி ஏறுறாரும்மா. உன் வீட்டுக்காரரு கரண்டு பில்லைக்கூடத் திட்டல. நான் போயிடுவேன்னு டாக்டர் சொல்லிட்டாங்களா?"

அந்த வாரம் சர்க்கரை இன்னும் ஏறியது.

பிறகு அக்காதான் அவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். சக்கர நாற்காலியில் வைத்து முடிந்தவரை நான் தள்ளினேன். மிச்ச தூரம் கைத்தாங்கல். உள்ளே விளக்கு வெளிச்சம் தண்ணீர்போல அசைந்தது. துளசியும் கற்பூரமும் கலந்த வாசனை. முதலில் திருவடி தெரிந்தது. பிறகு இருட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பெருமாள் நீண்டுகொண்டே போனார், முடிவே இல்லாத மாதிரி.

"எவ்வளவு காலமா இப்படியே படுத்திருக்காரு. முதுகுல புண்ணு வந்துடாது?" என்று முணுமுணுத்தார் அண்ணன்.

அக்கா அவர் காதோடு சொன்னார்: "அவரு அசதியில படுக்கலைங்க. கண்ணை மூடிக்கிட்டு முழிச்சுத்தான் இருக்காரு. அவரு முழிச்சிருக்கிறப்ப நீங்க வேற எதுக்கு?"

அண்ணன் வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகு கேட்டார்: "அப்ப ராத்திரி ஷிப்டு அவரோடதா?"

"எல்லா ஷிப்டும் அவரோடதுதான்."

"சின்னச் சின்னது மட்டும் நான் பாத்துக்கட்டுமா?"

அக்கா சிரித்துவிட்டார். மண்டபத்தில் கொள்ளிடத்துக் காற்று வந்தது. நாற்காலியிலேயே தலை சாய்ந்து தூங்கிப்போனார் அண்ணன். அவரை எழுப்ப மனம் வராமல், வீட்டில் உலை வைக்காததையும் மறந்து, நாங்கள் இருவரும் தூணோடு தூணாக நின்றோம். எங்களுக்கும் கண் செருகியது.

மருந்தும் கட்டும் தூக்கமுமாகப் புண் மெல்ல மெல்லக் காய்ந்தது. விரல் தப்பியது. தயிர் உறையுமா, மொட்டைமாடித் துணி நனையுமா என்கிற அளவுக்கு இப்போது அவருக்கு நாங்களே கவலை கொடுக்கிறோம். வேண்டிக்கொண்டு நான் சமயபுரம் போகும் நாட்களில், மத்தியானம் கண்ணயரும் முன் போன் செய்வார்.

"பஸ்ல உக்கார சீட்டு கெடச்சுதாம்மா?"

"கெடச்சுதுண்ணே. நீங்க படுங்க" என்பேன், நெரிசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே.