நான்காம் விதி

விடுமுறை விளம்பரங்களில் எல்லோருக்கும் இடமுண்டு. சாய்வு நாற்காலியில் கால் நீட்டிய கணவனுக்கு உண்டு. தண்ணீரில் குதிக்கும் பிள்ளைகளுக்கு உண்டு. வாசலில் சுருண்டு படுத்த பூனைக்குக்கூட உண்டு. விடுபட்டுப் போகிறவள் ஒருத்தி மட்டுமே. படமெடுக்கும் நேரத்தில் அவள் உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். இந்தக் கதையில் அவள் பெயர் அன்பரசி.

மலேசியாவில் கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. மணமாகி இருபத்து நான்கு ஆண்டுகள். அதற்குள் கணவர் விமலன் அவளை ஆறு முறை விடுமுறைக்கு அழைத்துப் போயிருக்கிறார். கேமரன் மலையில் ஓட்டல் அறைக் கட்டிலடியில் ரைஸ் குக்கரை மறைத்து வைத்துச் சாம்பார் கொதிக்க விட்டாள். போர்ட்டிக்சனில் பதினோரு பேருக்கு மீன் பொரித்தாள். கடலைச் சமையலறைச் சன்னல் கம்பி வழியாகக் கண்டுகொண்டாள். இந்த முறை அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"மூணு நாள். கரண்டியத் தொடாம மூணே மூணு நாள் இருக்கணுங்க."

விமலன் செம்பனை எண்ணெய் ஆலையின் எடைமேடையில் வேலை பார்ப்பவர். லோரியை நிறுத்தி, எடை நிறுத்து, அனுப்புவது தொழில். இல்லறத்திலும் அவருக்கு ஒரு தராசு இருந்தது. கொடுப்பது கிராமில் இருக்க வேண்டும். கிடைக்கும் புகழ் டன்னில் இருக்க வேண்டும்.

சுங்கை ஆயர் தாவார் பக்கம் பழைய தோட்ட ஆபீஸ் ஒன்றைத் தம்பதிகள் தங்கும் குடிலாக மாற்றியிருந்தார் திலகம் என்ற பெண்மணி. அன்பரசிக்குத் தெரிந்தவர். விமலன் பதிவு செய்ததும் தங்கும் விதிகள் தமிழில் கைப்பேசிக்கு வந்தன. செருப்பை வெளியே விடவும். குரங்குக்குத் தீனி போட வேண்டாம். மழையில் கொட்டகை ஓரம் காரை நிறுத்தவும். நான்காவது விதியை விமலன் இரண்டு முறை படித்தார்.

"மூன்று வேளைச் சமையலும் வீட்டுக்காரர் பொறுப்பு."

அவர் முகம் விளக்கேற்றியதுபோல் ஆயிற்று. வீட்டுக்குச் சொந்தக்காரரே சமைத்துப் போடுகிறார்! இந்தப் புண்ணியத்தை மட்டும் தம் பெயரில் எழுதிக்கொண்டால் போதும்.

"அன்பு, மூணு நாளும் நீ அடுப்புப் பக்கமே வரக் கூடாது. எல்லாம் என் ஏற்பாடு."

"நெசமாவா? அப்ப யாருங்க சமைப்பா?"

"அது என் பொறுப்பு லா. உனக்கென்ன?"

"இத அப்படியே குடும்பக் குழுவுல போட்டுடுங்களேன். எங்க அண்ணிங்களும் பாக்கட்டுமே."

போட்டார். ‘அன்பரசி கரண்டியைத் தொட மாட்டாள், இது என் வாக்கு.’ ஓர் அண்ணி அவரைத் தங்கம் என்றாள். இன்னொருத்தி தன் கணவரின் பெயரைக் குறிப்பிட்டு, "படிச்சிப் பாருங்க" என்று கீழே எழுதினாள். புகழ் தலைக்கேறிய விமலன், சபாக்கில் இருக்கும் நண்பர்கள் ராஃபேலையும் செல்லனையும் சனிக்கிழமை மதியத்துக்கு அழைத்துவிட்டார். "ஆத்து இறால் மட்டும் கொண்டாங்கடா, மத்தத நான் பாத்துக்கறேன்!"

வெள்ளிக்கிழமை தஞ்சோங் காராங் வயல்களையும் வாய்க்கால்களையும் கடந்து குடிலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பச்சைச் சாயம் பூசிய மரச்சுவர், வெள்ளைக் கொசுவலை கட்டிய கட்டில், ரம்புத்தான் மர நிழலில் இரண்டு நாற்காலிகள். கிராணி என்ற தோட்டக் கணக்குப்பிள்ளை அந்தக் காலத்தில் உட்கார்ந்து எழுதிய அறைதான் இப்போது சமையலறை. திலகம் சாவியைக் கொடுத்தார். கூடவே அடுப்புப் பற்றவைக்கும் துப்பாக்கியையும் விமலன் கையில் வைத்தார்.

"ராத்திரிச் சாப்பாட்ட எத்தன மணிக்குக் கொண்டாருவீங்க, அக்கா?"

"நான் ஏன் சார் கொண்டாரணும்? விதி நாலு படிக்கலயா?"

"படிச்சேனே! வீட்டுக்காரர் சமைப்பாருன்னு."

"அதேதான்." திலகம் திரும்பினார். "டீச்சர், இவரு ஒங்க வீட்டுக்காரர்தானே?"

"இருபத்து நாலு வருஷமா," என்றாள் அன்பரசி.

"ஐயோ, வீட்டுக்காரர்னா நீங்க இல்லயா?"

"நான் வீட்டுக்காரி, சார். எங்க வீட்டுக்காரரு எங்க வீட்டுல மீன் கழுவிக்கிட்டு இருக்காரு."

விமலன் மனைவியைப் பார்த்தார். இருபத்து நான்கு ஆண்டுகளாகப் பலித்த பார்வை அது.

"நானே செஞ்சிருவேங்க," என்றாள் அவள் இரக்கத்தோடு. "ஆனா குழுவுல வாக்குக் குடுத்துட்டீங்களே. அண்ணிங்க படம் கேக்குறாங்க."

அன்றிரவு முட்டைப் பொரியல். காலையிலும் முட்டைப் பொரியல். சனிக்கிழமை மதியம் ராஃபேலும் செல்லனும் ஒரு வாளி இறாலோடு வந்து நிழலில் அமர்ந்தார்கள்.

தோட்டத்துக் காலத்தில் விடியலில் நடந்த ஆள்கணக்குக்குப் பெரட்டு என்று பெயர். கிராணி இதே சமையலறைச் சன்னலுக்கு உள்ளேயிருந்து பெயர் கூப்பிடுவார். வெளியே வரிசையில் நின்றவர்கள் ஆஜர் சொல்வார்கள். இன்று கூப்பிடுகிறவள் வெளியே இருந்தாள்.

"விமலன்!"

"ஆஜர்!" என்றது சன்னலுக்குள் புகை.

"ரசம்?"

"கொதிக்குது!"

"சோறு?"

உள்ளே ஒரு பாத்திரம் உருண்டது.

"சோறு ஆஜர் இல்லடா," என்றார் செல்லன்.

"குக்கர் சுவிட்ச அமுக்கியிருக்க மாட்டான்," என்றார் ராஃபேல்.

அமுக்கத்தான் இல்லை. உள்ளே விமலன் முப்பத்தேழாவது இறாலின் ஓட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கை எரிந்தது, இடுப்பு கடுத்தது. நாளுக்கு மூன்று வேளை, இருபத்து நான்கு ஆண்டுகள் என்று மனத்துக்குள் நிறுத்துப் பார்த்தார். எந்த எடைமேடையும் தாங்காத சுமை. கண்ணில் நீர் திரண்டது. வெங்காயமா நன்றியா என்று கேட்டால் அவர் வெங்காயம் என்றே சொல்வார்.

இரண்டரைக்குச் சன்னல் வழியாகத் தட்டுகள் வந்தன. கடைசித் தட்டோடு அவரும் வந்தார்.

"அன்பு... ரொம்ப நன்றி."

"எதுக்கு?"

"இத்தன வருஷத்துக்கும்."

நண்பர்கள் மரியாதையாக வானத்தைப் பார்த்தார்கள். அன்பரசி ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள். நிதானமாக மென்றாள்.

"உப்பு தூக்கல். இறால் ரப்பர். ஆனா இன்னொருத்தர் வடிச்ச சோறுங்க இது. சூடா, என் முன்னால வந்து ஒக்காந்திருக்கு." தட்டை நீட்டினாள். "நான்தான் நன்றி சொல்லணும். இன்னும் ரெண்டு கரண்டி போடுங்க."

போட்டார். அவர் போட்டதில் அளவு பார்க்காத முதல் பொருள் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை சாவியைத் திருப்பித் தரும்போது விமலன் திலகத்திடம் மெதுவாகக் கேட்டார். "அக்கா, ‘தங்குறவங்களே சமைச்சுக்கணும்’னு எழுதியிருந்தா கொழப்பமே வந்திருக்காதே?"

"நான் மலாயில அப்படித்தான் சார் எழுதியிருந்தேன். தமிழ்ல மாத்திக் குடுத்தது டீச்சர்."

அன்பரசி காருக்குள் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, செம்பனை மரங்களைக் கருத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு அவளுக்கு என்ன ஆயிற்று என்றால், இரண்டு கிலோ கூடினாள். சனிக்கிழமைகளில் எட்டரை வரை தூங்குகிறாள், கரண்டியைத் தொடுவதில்லை. போன மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்துவிட்டது. வீட்டு விதிகளையும் அவளேதான் தமிழில் எழுதுகிறாள்.