கடைசிப் பதினாறு பக்கங்கள்

நெய்வேலி, வட்டம் 18
12-10-1982

'கருநிழல்' மாத நாவல் ஆசிரியர் அவர்கள் சமூகத்திற்கு, சுரங்கத்தில் நிலக்கரி கொண்டுபோகும் பெல்ட் பிரிவில் வேலை பார்க்கும் சங்கரலிங்கம் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் சுகம். தாங்களும் தங்கள் அச்சகமும் சுகமாயிருக்க வேண்டும்.

ஐயா, இந்த மாதக் கதை என்னை வாயடைக்க வைத்துவிட்டது. நகைக்கடையில் இருபது வருஷம் வேலை பார்த்தும் குண்டுமணிப் பொன்னைத் தொடாத மனுஷன். முதலாளி சம்சாரம் பெட்டிச் சாவியை மேஜையில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஜன்னல் பக்கம் போய் நிற்கிறாள். அவ்வளவுதான், அவன் கை தானாக நீளுகிறது. படிக்கும்போதே என் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். ஆசை இப்படியா சத்தமில்லாமல் வரும்?

எனக்கும் வந்தது ஐயா. எங்கள் பிரிவில் நாலு பேர் சேர்ந்து ஒரு பிரதி வாங்கி முறை வைத்துப் படிப்போம், இந்த மாதம் முதல் முறை எனக்கு, அடுத்தது பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கருணாகரனுக்கு, வரும் ஞாயிறு நாலு மணிக்கோ என் மகளைப் பெண் பார்க்கக் கோவில்பட்டியிலிருந்து வருகிறார்கள், எனக்கு அன்று இரண்டு மணி ஷிஃப்ட், மாற்றிக்கொள்ள இருப்பவன் கருணாகரன் ஒருவன், அவன் பெற்ற தகப்பன் கேட்டாலும் ஷிஃப்ட் மாற்றித் தராதவன். தகப்பன் இல்லாத வீட்டில் பெண் பார்த்தால் வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்? உங்கள் ஆள் சாவியைத் தொட்ட பக்கத்திலேயே எனக்கும் புத்தி கெட்டது. கடைசிப் பதினாறு பக்கங்களைக் கிழித்து அடுப்படியில் எரிக்க வைத்திருக்கும் லெக்கோ கரி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, மீதிப் புத்தகத்தைக் கருணாகரனிடம் கொடுத்து, முடிவு வேண்டுமானால் ஞாயிறு ஷிஃப்ட்டை மாற்றித் தரச் சொன்னேன். அந்தப் பக்கங்களை நான் படிக்கவில்லை. திருட்டோடு சுகமும் சேரக் கூடாதென்று ஒரு பயம்.

நேற்று அவன் வந்து நின்றான். "அண்ணாச்சி, அவ அவனக் காட்டிக் குடுத்தாளா இல்லியா? முடிவக் குடுங்க, ஞாயித்துக்கெழம ஷிஃப்ட்ட நான் பாத்துக்கறேன்." கண்ணில் தண்ணீர். ராஜா மாதிரி போய் மூட்டையை நகர்த்தினேன். பக்கங்களைக் காணோம். "அடுப்புப் பத்த வைக்கக் கெடந்த காயிதம்னு எரிச்சுட்டேங்க" என்கிறாள் என் மனைவி இசக்கியம்மாள். கருணாகரன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அப்புறம், "சரி, மாத்தித் தாரேன். ஆனா தீபாவளியன்னிக்கு என் ஷிஃப்ட்ட நீங்க பாக்கணும். அதுக்குள்ள முடிவக் கொண்டாந்தா அதுவும் வேண்டாம்" என்றான். ஒத்துக்கொண்டேன்.

ஆகவே அந்தப் பதினாறு பக்கங்களை மறுதபாலில் அனுப்பி எங்கள் தீபாவளியைக் காப்பாற்றவும். தங்கள் பேனா நீடூழி வாழ்க. உங்கள் நகைக்கடை ஆள் கதை முடிவில் உயிரோடிருந்தால் அவருக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
சங்கரலிங்கம்

பி.கு: உறையை ஒட்டுவதற்குள் இசக்கியம்மாள் இதைப் படித்துவிட்டாள். பக்கங்கள் எரியவில்லையாம். போன வாரமே எடுத்து, கருணாகரன் மனைவி சந்திரகலாவிடம் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட்டைப் பேசி முடித்துவிட்டாளாம். "உங்கள நம்புனா காரியம் நடக்குமா?" என்கிறாள். அப்படியானால் நேற்று கண்ணீர் விட்ட கருணாகரன் முடிவைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறான், தீபாவளி ஷிஃப்ட்டை என் தலையில் கட்ட. சண்டை போட்டால் ஞாயிறும் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். தீபாவளிக்கு நான் சுரங்கத்தில்தான். எனவே அவனுக்காகப் பக்கங்கள் அனுப்ப வேண்டாம். எனக்கு அனுப்புங்கள் ஐயா. கதையில் அவள் அவனைக் காட்டிக் கொடுத்தாளா, இல்லையா? வீட்டில் கேட்டால் சிரிக்கிறாள்.