மாமியார் புகழ்ந்த எரு

“மாப்பிள்ளை, நீங்க கொண்டுவந்த எரு இருக்கே, தங்கம்!” என்றார் மாமியார். பூந்தொட்டிகளில் எருவைப் பிசைந்துபோட்ட அவர் கை முழங்கைவரை கறுத்திருந்தது.

ஆய்வகக்காரரான மாப்பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் அந்த வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. ஆனால் அவர் எங்கே எரு வாங்கினார்? சனிக்கிழமை ஆய்வகம் பூட்டியிருந்ததால் அடுக்குமாடியின் கீழ்வாசலில் அவர் இறக்கிவைத்த மூட்டைதான் உண்டு; அது கழிவுநீர் நிலையத்தின் மக்கிய கசடு! எந்த மருந்துக்கும் மசியாத கிருமிகள் அதில் குடியிருக்கின்றனவா என்று பார்க்கத்தான் சோதனையே.

அப்படி ஒரு கிருமிதான் போன மாதம் மாமியாரின் கால் புண்ணில் உட்கார்ந்துகொண்டு உயிரையே கேட்டது. ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் பக்கத்திலேயே கிடந்தார் இவர். அதற்கு ஒரு வார்த்தை நன்றி? மூச்!

கீழே ஓடிப் பார்த்தார். மூட்டையைக் காணோம். காவலாளியும் லீவு.

“அத்தை, கையுறை போட்டுக்கோங்க!”

“பார்த்தியாடி, என் கைமேல எவ்வளவு அக்கறை!” என்று மகளிடம் உருகினார் மாமியார்.

“தொட்டிகளை நானே பார்த்துக்கறேன். நீங்க தொடவே வேண்டாம்.”

“அட, அதையும் நீங்களே செய்றீங்களா!”

அந்தப் பூரிப்பில், மிச்ச எருவைப் பொட்டலம் கட்டி மூன்று மாடிக்கும் கொடுத்துவிட்டு வந்தார். ஆய்வகக்காரர் வாளியைத் தூக்கிக்கொண்டு வீடுவீடாகப் போய் அசடு வழியத் திருப்பி வாங்கினார். இதைவிட உசத்தியான எரு தரப்போகிறார் என்று பேச்சு கிளம்பியது. திங்கட்கிழமை காலை ஏழு பேர் வாளியோடு வாசலில் நின்றார்கள்.

இனிமேல் மறைக்க முடியாது.

“அத்தை, மன்னிச்சிடுங்க. அது எரு இல்ல, சாக்கடைக் கசடு. உங்க கால்ல வந்த கிருமியோட சொந்தபந்தமெல்லாம் அதுல இருக்கும். கிளம்புங்க, டாக்டர்கிட்ட போகலாம்.” அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். “உங்களை மறுபடி அந்தக் கட்டில்ல பார்க்க என்னால முடியாது.”

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் லீவு முடிந்து வந்த காவலாளி எட்டிப் பார்த்தார். “சார், உங்க மூட்டை என் அறையில பத்திரமா இருக்கு. நாத்தம் தாங்கல, பூட்டி வெச்சிட்டுப் போனேன்.”

“அப்போ தொட்டியில இருக்கறது?”

மாமியார் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். காவலாளி கவனிக்கவில்லை.

“அது அம்மா சொல்லி நான் கடையில வாங்கினது சார். ‘ஆஸ்பத்திரியில பார்த்துக்கிட்டதுக்கு நன்றி சொல்ல வாய் வரமாட்டேங்குது, இந்த எருவை மாப்பிள்ளை கொண்டுவந்ததா சொல்லியாவது அவரை நாலு வார்த்தை புகழ்ந்துக்கறேன்’னாங்க.”