பாவம் பார்க்கும் எண்ணெய்

இந்த வலப்பக்கப் பானைக்கு மட்டும் ஏன் இப்படி வேர்க்கிறது?

மூத்த மருமகள் வாய்விட்டுக் கேட்கவில்லை. கூடம் நிரம்பி வழிந்தது. கேட்டால் அடி விழும். மேடையில் குறி சொல்லும் தெளிவு ஐயா. தண்ணீர்போல் நிறமும் மணமும் இல்லாத ஓர் எண்ணெய், பாறையிலிருந்து அவருக்காகவே சுரக்கிறதாம். அதைச் சிறு பாட்டிலில் ஊற்றி, ஆள் பெயரைச் சொல்லி, உள்ளே துணி விரித்த பானைக்குள் இறக்குவார். தெளிவாக வந்தால் நல்லவர். கலங்கி வந்தால் குடும்பத்தைக் கெடுத்தவர். நல்லவர்களுக்கு இடப்பக்கப் பானை, குட்டி மந்திரம். கெட்டவர்களுக்கு வலப்பக்கப் பானை, நீள மந்திரம். பாவம் ஊற நேரமாகும் அல்லவா! யார்மேல் சந்தேகம் என்பதை அவருடைய ஆள் வாசலிலேயே கேட்டு வைத்துக்கொள்வான். ஞானத்துக்கும் எடுபிடி வேண்டும்.

மாமனாரின் கடை நொடித்துப் போயிருந்தது. யாரால் என்று கேட்கத்தான் குடும்பமே வந்திருந்தது. மாமியாரின் பாட்டில் தெளிவாக வந்தது. இளைய மருமகளின் பாட்டில் பால்போல் வந்தது.

"பாத்தியா? நாளைக்கே இவளை அவ அப்பா வீட்டுல விட்டுடணும்," என்றாள் மாமியார்.

இளையவள் அழவில்லை. மூத்தவளுக்கு அதுதான் தாங்கவில்லை. பேசாமல் இருந்தால் வீட்டில் நிம்மதியாக இருக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பே அருவருப்பாக இருந்தது.

அவளுக்கு எண்ணெய் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை. கச்சா எண்ணெயின் கனமான பகுதியைப் பிரித்து, கந்தகத்தைப் போக்கி, மெழுகை நீக்கினால் இஞ்சின் எண்ணெய்க்கு அடிப்படையான எண்ணெய் கிடைக்கும். நன்றாகச் சுத்திகரித்தால் அதுவும் தண்ணீர்போல் இருக்கும். மெழுகு மிச்சமிருந்தால் குளிரில் கலங்கும். தினமும் அவள் குளிரவைத்துப் பார்ப்பது அதைத்தான். இதுவரை எந்தப் பீப்பாயும் யார் குடியையும் கெடுத்ததில்லை.

எழுந்தாள். "ஐயா, எங்க அத்தையோட பாட்டிலை அந்த வலப்பக்கப் பானையில கொஞ்சம் வைங்க."

"ஒரு தடவை தெளிஞ்சது மறுபடி கலங்காதும்மா."

"அப்ப என்ன பயம்? வைங்க."

"வைங்க, வைங்க!" என்றது கூட்டம். ஓசியில் இன்னோர் அற்புதம்!

மந்திரம் இல்லாமலே காத்திருந்தார்கள். மாமியாரின் எண்ணெய் பால்போல் வந்தது.

"நானா? எடுடா அந்தத் துணியை! பானைக்குள்ளதான் என்னமோ இருக்கு!"

அந்தக் கணத்தில் மாமியார் பகுத்தறிவுவாதி ஆனாள். துணிக்கடியில் ஐஸ் கட்டிகள்.

இளையவளின் பாட்டிலை மூத்தவள் உள்ளங்கைகளுக்குள் பொத்திக்கொண்டாள். சூடு ஏற ஏற எண்ணெய் தெளிந்தது. "மெழுகு. வேற ஒண்ணுமில்ல."

தெளிவு ஐயா அதற்குள் பின்வாசல் வழியாக முக்தி அடைந்திருந்தார்.

மாமியார் நெருங்கி வந்தாள். "நீ விவரம் தெரிஞ்சவ. நீயே ஒரு பாட்டில் வெச்சுப் பாத்துச் சொல்லு. அப்ப யாராலதான் கடை போச்சு?"

பின்னால் கூட்டமும் தத்தம் பாட்டில்களை அவளிடம் நீட்டியது.

"மாட்டேன், அத்தை," என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "கடை ஏன் போச்சுன்னு கடைக்குப் போய்ப் பாத்து யோசிங்க. அதுக்குப் பாட்டில் வேண்டாம். எல்லாருக்கும் தோள்மேல ஒண்ணு இருக்கே, அது போதும்."