அத்தை கலந்த பால்

செம்மண்டலம், கடலூர்
18.6.2007

அன்புள்ள அண்ணன் தில்லைநாதன் அவர்களுக்கு, தங்கை மங்கையர்க்கரசி எழுதுவது. அங்கே நீங்களும் அண்ணியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்குள்ள சௌக்கியத்தைக் கீழே விவரித்திருக்கிறேன்.

உடனே ஒரு கார் எடுத்துவந்து நம் அத்தையைச் சிதம்பரத்துக்கு அழைத்துப்போங்கள். அனுப்பிரியாவின் கல்யாணம் முடியும்வரை அவர் உங்களிடமே இருக்கட்டும். நீங்கள் பார்த்துச் சொன்ன பையன் எழிலனை நம் பெண்ணுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதனால்தான் இந்த அவசரம்.

நேற்று பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அம்மா ஸ்ரீமதி காபி குடிக்க மாட்டாராம். அத்தை தானே அடுப்படிக்குப் போய், ஏலக்காய் தட்டிப்போட்டுப் பால் காய்ச்சி, வெள்ளி டம்ளரில் கொண்டுவந்து, "குடிம்மா, ஒனக்குன்னே என் கையால கலந்தது" என்று சொல்லிவிட்டார். அண்ணா, நம் அத்தை மாமியாராக நடித்து மருமகளுக்கு விஷம் வைக்கிற படத்தில் இதே வசனம், இதே மாதிரி டம்ளர். வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் டிவியில் அதைப் போட்டுத் தொலைத்தார்கள். ஸ்ரீமதிக்கு முகம் வெளுத்துவிட்டது. டம்ளரைக் கணவரிடம் கொடுத்தார், அவர் பையனிடம் தள்ளினார், பையன் டீப்பாய்மேல் வைத்துவிட்டு மின்விசிறியைப் பார்த்தான். "கூச்சப்படுறாங்க" என்று அத்தை சிரித்தார். அந்தச் சிரிப்பு உங்களுக்குத் தெரியாதா? திருப்பாதிரிப்புலியூர் கொட்டகையில் அதற்காகத்தானே பெண்கள் திரைமேல் மண்ணை வாரி இறைத்தார்கள்! நிலைமையைச் சமாளிக்க உங்கள் மச்சான், "ஒண்ணுமில்லீங்க, அத்தையே குடிச்சுக் காட்டுவாங்க" என்றார். உலகத்தில் எந்தப் பெண்ணின் அப்பாவாவது இப்படிச் சொல்வாரா? அத்தையும் குடித்தார். பால் கொதிக்கக் கொதிக்க இருந்ததில் புரையேறி, கண் சொருகி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தார். நான் அவர் தலையைத் தட்டிவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் ஒரு செருப்புகூட இல்லை.

கல்யாணமே செய்துகொள்ளாதவர், இருபத்திரண்டு வயதில், தன்னைவிட மூத்த கதாநாயகிக்கு மாமியாராக நடிக்கப் போனார். கடைசிப் படம்வரை மாமியார்தான். கதாநாயகிகளுக்கு மாலை, இவருக்குச் சாபம். கரப்பான் பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறிக்கொள்கிறவர் அண்ணா இவர்! அவர்கள் ஏன் ஓடினார்கள் என்று சாயங்காலம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். "இன்னமுமா நம்புறாங்க? அவ்ளோ நல்லாவாடி நடிச்சிருக்கேன்?" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். ஆனாலும் நான் பெண்ணைப் பெற்றவள். பெட்டி கட்டச் சொல்லிவிட்டேன். ஏன் என்றுகூடக் கேட்காமல் புடவைகளை மடித்துக்கொண்டிருக்கிறார். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அத்தை இங்கே இல்லை என்று நீங்களே பையன் வீட்டில் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். உங்கள் வீட்டில் இருக்கிறார் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி.

தங்கள் தங்கை,
மங்கை

பி.கு.: கவரை ஒட்டும்போது ஸ்ரீமதி போன் செய்தார். "பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்குங்க. ஒரே ஒரு கண்டிஷன்" என்றார். சீர்வரிசை என்று நினைத்துப் பட்டியல் எழுதப் பேனாவை எடுத்தேன். "எம் மாமியாரு இன்னிக்கு வரைக்கும் என்னை வாயத் தொறக்க உட்டதில்ல. உங்க அத்தை டிவில வந்தா மட்டுந்தான் அவுங்க பயந்துகிட்டு உள்ள போயிடுறாங்க. கல்யாணம் ஆனதும் பொண்ணோட உங்க அத்தையும் வந்து ஒரு மாசம் இருக்கணும். மாமியாருக்கு ராத்திரிப் பாலை அவுங்களே கலந்து குடுக்கட்டும்!"

அத்தை பெட்டியைப் பிரித்துவிட்டு, கண்ணாடி முன் நின்று அந்தச் சிரிப்பை ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறார். கார் வேண்டாம் அண்ணா. அத்தையிடம் உங்களுக்குக் கால்ஷீட் இல்லையாம்.