மாட்யூல் போயிடுச்சு சார்

"மாட்யூல் போயிடுச்சு சார்" என்றான் சர்வீஸ் அட்வைசர்.

துர்காதேவிக்கு முதல் கோபம் அந்த 'சார்' என்ற சொல்லில்தான் வந்தது. கார் அவளுடையது. தவணை அவள் சம்பளத்தில் போகிறது. ஓட்டுகிறவளும் அவள்தான். கணவர் காசிநாதனுக்கும் காருக்கும் உள்ள ஒரே சம்பந்தம், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு வருவது. ஆனால் செங்கல்பட்டு பைபாஸில் இருந்த அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் எல்லோரும் காசிநாதன் முகத்தைப் பார்த்தே பேசினார்கள். அவரும் எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இங்க பாருங்க. வண்டி என்னோடது."

"ஓகே மேடம்" என்றவன் மறுபடி காசிநாதன் பக்கமே திரும்பினான். "புதுசுதான் போடணும் சார். எழுபத்திரண்டாயிரம் ஆகும். பார்ட் வர மூணு வாரம்."

ஸ்பீடோமீட்டர் பக்கத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. ஏற்றத்தில் வண்டி கொஞ்சம் திணறுகிறது. கோளாறு அவ்வளவுதான்.

"மாட்யூல்தான் போச்சுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாத்தோம் மேடம்."

"கழட்டிப் பாத்தீங்களா?"

"கழட்டக் கூடாது மேடம். சீல் வச்ச கம்ப்யூட்டர் பெட்டி அது."

"சரி, ஏன் போச்சு?"

அட்வைசர் யோசித்தான். "போயிடுச்சு மேடம்."

துர்காதேவி மதுராந்தகம் மேல்நிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக இயற்பியல் ஆசிரியை. பக்கத்துப் பையனைப் பார்த்து விடையை மட்டும் எழுதி வைக்கிறவனை அவளுக்கு அரை நொடியில் தெரியும்.

"விடைய மட்டும் எழுதினா எங்க ஸ்கூல்ல முட்டைதான். வழி எங்க? ஸ்டெப்பு எங்க?"

சத்தம் கேட்டு மேனேஜர் தேவசகாயம் வந்தார். கழுத்தில் டை, முகத்தில் துக்க வீட்டுப் பணிவு.

"மேடம், உங்க வருத்தம் எங்களுக்குப் புரியுது."

"எனக்கு வருத்தமே இல்ல. கோவம்! ஒரு விளக்கு எரிஞ்சா எழுபத்திரண்டாயிரமா? கோளாறு இன்னான்னு உங்களுக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சே கொள்ளையடிக்கிறீங்க!"

"சிஸ்டம் சொல்றதத்தான் மேடம் நாங்க சொல்றோம்."

"அப்ப சிஸ்டத்துக்கு டை கட்டி உக்கார வச்சுட்டு நீங்க வூட்டுக்குப் போங்க!"

மேஜை மேலிருந்த சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். "என் வண்டிய நானே பாத்துக்கறேன்."

"துர்கா, ஞாயித்துக்கிழம கல்யாணம்" என்றார் காசிநாதன் மெதுவாக.

அன்று வியாழக்கிழமை. ஞாயிறு காலை ஏழரை ஒன்பது முகூர்த்தத்தில் அவள் தம்பி ரஞ்சித்குமாருக்கு மாமல்லபுரத்தில் கல்யாணம். ஒரே அக்கா அவள். நாத்தனார் முடிச்சு அவள்தான் போட வேண்டும். தாலியும் அவள் பொறுப்பில்தான் இருந்தது.

"மூணு நாள் இருக்குதில்ல? நான் பி.எட். முடிச்சதே மூணு மாசக் கைக்குழந்தைய வச்சுகினுதான்" என்றாள்.

போகிற வழியிலேயே ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வண்டியை நிறுத்தி, போனோடு இணைக்கிற ஸ்கேனர் ஒன்றை வாங்கினாள். படாளத்தில் வீட்டுக்குப் பின்னால், வைக்கோல் போரை ஒட்டித்தான் காரை நிறுத்துவது வழக்கம். அங்கேயே உட்கார்ந்து ஸ்கேனரை மாட்டினாள். திரையில் ஒரு எழுத்தும் நாலு எண்ணும் வந்தன. கீழே 'அழிக்கவா?' என்று கேட்டது. அழித்தாள். மஞ்சள் விளக்கு அணைந்தது.

"பாத்தீங்களா?" என்றாள் கணவரிடம். "எழுபத்திரண்டாயிரம், ஒரே அமுக்குல."

மதுராந்தகம் ஏரிக்கரை வரை வெற்றி ஊர்வலம் போனாள். ஏரிக்கரைத் திருப்பத்தில் மஞ்சள் விளக்கு திரும்ப வந்தது. தனியாக வரவில்லை, இன்னும் இரண்டு விளக்குகளைக் கூட்டிக்கொண்டு வந்தது. அதில் ஒன்று சிவப்பு.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கு லீவு போட்டாள். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த பிளக் ஒவ்வொன்றையும் பிடுங்கி, துடைத்து, திரும்ப மாட்டினாள். மூடியைப் பொருத்தும்போது அது உட்காரவில்லை. முழங்காலால் ஒரு இடி இடித்ததும் உட்கார்ந்தது. வண்டியை எடுத்து இடது பக்கம் திருப்பினாள். ஹாரன் அலறியது. நேராக்கினாள், நின்றது. மறுபடி இடது பக்கம் திருப்பினாள். மறுபடி அலறியது.

"வலது பக்கம் அமைதியாத்தான் கீது" என்று காசிநாதன் நல்லதை எடுத்துச் சொன்னார்.

"வாய மூடுங்க."

சனிக்கிழமை பேட்டரி வயரைக் கழற்றினாள். காரின் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மறந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும் என்பது கணக்கு. அரை மணி கழித்து வயரை மாட்டியபோது கம்ப்யூட்டர் நிஜமாகவே எல்லாவற்றையும் மறந்திருந்தது. தன் முதலாளி யார் என்பது உட்பட. திருட்டு அலாரம் கத்த ஆரம்பித்தது. நாய்கள் பதில் குரல் கொடுத்தன. பக்கத்து வீட்டு பஷீருதீன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தடியோடு ஓடி வந்தார்.

"இன்னா டீச்சரம்மா, திருடனா?"

"திருடன் செங்கல்பட்டுல கீறான் பாய்! டை கட்டிகினு!"

இருபது நிமிடம் கழித்து அலாரம் தானாகவே ஓய்ந்தது. நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிப் பார்த்தாள். மூன்று ஏறின. டிரைவர் பக்கக் கண்ணாடி கீழே போய் அங்கேயே தங்கிவிட்டது. ஓட்டிப் பார்த்தபோது முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் முள் அசையவில்லை.

சாயங்காலம் உறவுக்காரர்களை ஏற்றிக்கொண்டு கல்யாண வேன் வாசலில் வந்து நின்றது. மாப்பிள்ளை ரஞ்சித்குமார் இறங்கி வந்தான். அக்கா கையில் கிரீஸ், நெற்றியில் கிரீஸ்.

"அக்கா, வேன்ல ஏறு. எடம் கீது."

"நீ போய் மாப்பிள்ளையா லட்சணமா உக்காரு. காலைல நான் என் வண்டில வரேன்."

"தாலி..."

"என்னாண்டதான் கீது. நான் இல்லாம நீ கட்ட முடியாது. போ!"

வேன் போனதும் காசிநாதன் தொண்டையைச் செருமினார். "காலைல ஒரு கால் டாக்ஸி சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. தாராளமா சொல்லுங்க. சொல்லிட்டு அப்படியே அந்த மேனேஜர் வூட்டுலயே போயி சோறு துன்னுங்க."

காசிநாதன் டாக்ஸி சொல்லவில்லை.

ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்கே ஏறி உட்கார்ந்தார்கள். வண்டி ஸ்டார்ட் ஆகிக் கிளம்ப ஆறரை ஆனது. ஜி.எஸ்.டி. ரோட்டில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிற காரை லாரிகள் திட்டிக்கொண்டே கடந்தன. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று கடந்தது. கடைசியாக ஒரு மொபெட்டும் கடந்தது. அதன் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்மணி பட்டுப்புடவை கட்டிய டிரைவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியாக வந்த காற்று துர்காதேவியின் தலையில் இருந்த இரண்டு முழம் மல்லிகையை உதிர்த்து, பின் சீட்டுக்கு அர்ச்சனை செய்தது.

திருக்கழுக்குன்றத்தில் இரண்டு தெரு தள்ளிச் சாலையை அடைத்து வேலை நடந்ததால், இடது பக்கத் தெருவில் திருப்பிவிட்டிருந்தார்கள். அந்தத் திருப்பத்திலேயே ஷாமியானா போட்டு, ஒரு சாவு. சேரில் உட்கார்ந்திருந்தவர்கள் காரைப் பார்த்தார்கள்.

"இங்க ஹாரன் அடிச்சா உயிரோட விடமாட்டாங்க" என்றார் காசிநாதன்.

துர்காதேவி பல்லைக் கடித்தாள். பிறகு நேராகப் போய் வலது பக்கம் திரும்பினாள். அடுத்த தெருவில் வலது, அதற்கடுத்த தெருவிலும் வலது. மூன்று வலது சேர்ந்தால் ஒரு இடது. வடிவியல் சரியாகத்தான் இருந்தது. தெருதான் சரியாக இல்லை. மூன்றாவது தெருவை ஒரு தண்ணீர் லாரி அடைத்துக்கொண்டு நின்றது. அந்த ஒரு இடது திருப்பத்துக்கு முப்பத்தைந்து நிமிடம் போனது. போன் விடாமல் அடித்தது.

"அக்கா, எங்க கீற? ஐயரு கத்தறாரு!"

"அந்தாள இன்னும் ரெண்டு மந்திரம் சேத்துச் சொல்லச் சொல்லு!"

மண்டப வாசலை அடைந்தபோது மணி எட்டு நாற்பது. துர்காதேவி இன்ஜினை அணைத்தாள். நான்கு கதவுகளும் ஒரே நேரத்தில் 'டொக்' என்றன.

கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. பொத்தானை அமுக்கினாள். சாவியை அமுக்கினாள். திறக்கவில்லை. காசிநாதன் தன் பக்கக் கதவைத் தோளால் இடித்தார். அதுவும் திறக்கவில்லை. டேஷ்போர்டில் எல்லா விளக்குகளும் எரிந்தன. கல்யாண மண்டபத்தில்கூட அத்தனை விளக்கு இல்லை.

உள்ளே நாதஸ்வரம் இழுத்து இழுத்து ஒரே இடத்தில் நின்றது. அவளுக்காகத்தான்.

துர்காதேவி தாலிப் பையை வாயில் கவ்விக்கொண்டாள். கொசுவத்தை அள்ளி இடுப்பில் செருகினாள். ஏறாமல் நின்ற கண்ணாடி ஜன்னல் வழியாக முதலில் ஒரு கால் வந்தது, பிறகு தலை, பிறகு இடுப்பு. பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் செம்பைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து இழுத்தார்கள். பெண் வீட்டு வீடியோக்காரர் ஒரு நொடியும் விடாமல் எடுத்தார்.

"நீங்க?" என்று அவள் காருக்குள் திரும்பிக் கத்தினாள்.

காசிநாதன் ஜன்னலைப் பார்த்தார். தன் வயிற்றைப் பார்த்தார். "நீ போ துர்கா. மைக்கு நல்லாக் கேக்குது."

கெட்டிமேளம் கொட்டியபோது மணி எட்டு ஐம்பத்தொன்று. ரஞ்சித்குமார் முதல் முடிச்சைப் போட்டான். அடுத்த இரண்டு முடிச்சையும் துர்காதேவி போட்டாள். அவள் கோபத்தில் இறுக்கிய இறுக்கில் மணப்பெண், "அண்ணி, கழுத்து..." என்றாள்.

காசிநாதனுக்கு டிபன் ஜன்னல் வழியாகப் போனது. இட்லி, வடை, பொங்கல், கேசரி. இரண்டாவது தடவை வடை கேட்டு ஆள் அனுப்பினார். தங்கச் சங்கிலிகள் தொங்க மொய் எழுத வந்தவர்கள் எல்லாம் காரைச் சுற்றி நின்று அவரை நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள். துர்காதேவிக்கு அதைப் பார்க்கப் பார்க்க ரத்தம் கொதித்தது.

"உள்ள பானட் லீவர் ஒண்ணு இருக்கும், இழுங்க" என்றாள்.

அவர் மூன்று தப்பான லீவர்களை இழுத்த பிறகு பானட் திறந்தது. துர்காதேவி குனிந்து பார்த்தாள். மூன்று நாளாக ஸ்டியரிங்கையும் ஸ்கேனரையும் போட்டு உலுக்கினாளே தவிர, பேட்டரி வயரைக் கழற்றியபோதுகூட அதற்குப் பின்னால் எட்டிப் பார்க்கவேயில்லை. அங்கே வைக்கோல், கடலைத் தோல், அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் ஒன்றின் கிழிந்த பாதி. அத்தனையையும் வைத்து ஒரு எலி அழகாகக் குடித்தனம் நடத்தியிருந்தது. பக்கத்தில் போகும் வயரை ஒரு அங்குலத்துக்கு மென்று, ஒரு கம்பி மட்டும் மிச்சம் விட்டிருந்தது.

சீரியல் லைட் கட்ட வந்தவரிடம் கட்டிங் பிளேயரையும் இன்சுலேஷன் டேப்பையும் வாங்கினாள். மென்ற துண்டை வெட்டி எடுத்தாள். இரண்டு நுனியையும் சீவி, முறுக்கி, டேப்பைப் பல்லால் கடித்துச் சுற்றினாள்.

நான்கு கதவுகளும் 'டொக்' என்றன. மஞ்சள் விளக்கு அணைந்தது. காசிநாதன் கையில் கேசரியோடு இறங்கினார்.

துர்காதேவிக்குச் சந்தோஷம் வரவில்லை. முதல் கோளாறு சரியாகிவிட்டது. ஆனால் இடது பக்கம் திரும்பினால் ஹாரன், ஏறாத கண்ணாடி, முப்பது கிலோமீட்டர் வேகம், இதெல்லாம் அவள் கைவேலை. அதை அவள் தன்னிடமே ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டதால் கோபம் இன்னும் ஏறியது. முதல் நாளே அவர்கள் பானட்டைத் திறந்து ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் அவள் எதற்கு ஜன்னலில் ஏறப்போகிறாள்? மென்ற வயர்த் துண்டைத் தாம்பூலப் பையில் போட்டாள்.

திங்கள்கிழமை காலை காசிநாதனையும் ஏற்றிக்கொண்டு அந்தக் கண்ணாடிக் கட்டடத்தின் கேட்டுக்குள் இடது பக்கமாகத் திரும்பினாள். ஹாரன் அலற, மொத்த ஊழியர்களும் எழுந்து நின்றார்கள். நேராக மேனேஜர் மேஜைக்குப் போய்த் தாம்பூலப் பையைக் கவிழ்த்தாள். தேங்காய் உருண்டது. வெற்றிலைக்கு நடுவே வயர் கிடந்தது.

"எலி!" என்றாள். "எழுபத்திரண்டாயிரம் ரூபா எலி! மாட்யூலும் போவல, மண்ணும் போவல. இது தெரியாதா உங்களுக்கு? எத்தன பேரை இப்படி ஏமாத்தினீங்க?"

தேவசகாயம் வயரைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேடம்" என்றார். முதல் தடவையாகக் காசிநாதனை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். "இது கரெக்டா எங்க இருந்துச்சு?"

"பேட்டரிக்குப் பின்னாடி. ஏன்?"

மேனேஜர் மேஜை டிராயரில் இருந்து டார்ச்சை எடுத்தார். டையைத் தோளுக்குப் பின்னால் வீசிக்கொண்டார். வயரோடு பின்பக்க ஷெட்டை நோக்கி ஒரே ஓட்டமாக ஓடினார்.

"பாருங்க, பாருங்க!" துர்காதேவி கத்தினாள். "சாட்சிய எடுத்துகினு ஓடறான் திருட்டுப்பய! புடிங்க அவன!"

டீ டிரேயோடு வந்த ஆயா சின்னப்பொண்ணு ஒரு கிளாஸை அவள் கையில் வைத்தாள்.

"இன்னாத்துக்கும்மா அந்தாள வையிற? அவரு வண்டியே இதே லைட்டு எரிஞ்சிகினு நாலு மாசமா பின்னாடி ஷெட்டுலதான் நின்னுகினு கீது, பாவம், டெய்லி பஸ்ஸுலதான் வந்துகினு போறாரு."